கொண்டல் காற்றில் அறுபது கிலோமீட்டர்

பிப்ரவரி 1, 2025, சனி
அறந்தாங்கி

பெயர் கொடுத்துவிட்டேன். பெண்கள் பிரிவு, 60 கிலோமீட்டர். மணமேல்குடியில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டைப்பட்டினம், மீமிசல் தாண்டி, எஸ்.பி.பட்டினத்துக்கு முன்னால் திரும்பி, மறுபடி மணமேல்குடி. 23ஆம் தேதி ஞாயிறு, காலை ஆறரை மணி.

ஒவ்வொருவராக அனுப்பி நேரம் குறிக்கிற போட்டி இல்லை இது. எல்லோரையும் ஒரே கொடியில் விடுவார்கள். யார் சக்கரம் முதலில் கோட்டைத் தொடுகிறதோ அவர் ஜெயித்தார். ரோடு ரேஸ் என்றால் அதுதான். இத்தனை வருஷமாக விடியற்காலையில் கட்டுமாவடி ரோட்டில் தனியாகவே ஓட்டியிருக்கிறேன். நாகுடி வரைக்கும் எத்தனை நிமிஷம், எந்தப் பாலத்தில் மூச்சு வாங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பக்கத்தில் ஒரு ஆள், முன்னால் நான்கு பேர், பின்னால் பத்துப் பேர் என்று ஓட்டினால் நான் என்ன செய்வேன் என்பது மட்டும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போகிறேன்.

படிவத்தில் பரிசுத்தொகையைப் பார்த்தேன். பெண்களுக்கான முதல் பரிசு ஆண்களுடையதில் பாதிகூட இல்லை. நுழைவுக் கட்டணம் மட்டும் இருவருக்கும் ஒன்று. போட்டி முடிந்ததும் இதைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு சக்கரத்தையும் கழற்றி டயரைப் பார்த்தேன். கருவேல முள் மூன்று. நம் பக்கத்துச் சாலைகளில் ஆணியைவிட, கண்ணாடிச் சில்லைவிடப் பெரிய பகை சீமைக்கருவேலம்தான். வெட்டிப் போட்ட கிளையிலிருந்து உதிரும் முள், காய்ந்த பிறகுதான் இரும்பாகிறது. குத்தின உடனே காற்றை இறக்காது. ரப்பருக்குள் நுனி ஒடிந்து உட்கார்ந்து, நாலைந்து நாள் சுற்றிச் சுற்றி உள்ளே இறங்கி, நாம் எதிர்பாராத ஒரு காலையில் டியூபைத் தொடும். அதனால் விரலில் மெல்லிய துணியைச் சுற்றி டயரின் உள்பக்கத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பேன். துணி எங்கே இழுபடுகிறதோ அங்கே முள் இருக்கும். புருவம் திருத்துகிற இடுக்கியால் பிடித்து எடுத்துவிடலாம்.

திருச்சியில் ஒரு கல்லூரி மாணவனிடம் வாங்கிய பழைய வண்டி. அலுமினியச் சட்டம், ஒன்பது கிலோவுக்கு மேல். உலகப் போட்டிகளில் வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்றே விதி இருக்கிறது. அந்த எடைக்கு என் சம்பளத்தில் போக முடியாது. தட்டையான சாலையில் அந்த வித்தியாசம் பெரிதும் இல்லை. ஏற்றத்தில்தான் எடை பேசும். மணமேல்குடியிலிருந்து மீமிசல் வரைக்கும் ஏற்றம் எங்கே இருக்கிறது?

பிப்ரவரி 9, ஞாயிறு

புதுக்கோட்டை சைக்கிள்காரர்கள் எட்டுப் பேர் கடற்கரைச் சாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோரும் ஆண்கள். அவர்களில் மூத்தவர், போஸ்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவர், முதலிலேயே சொல்லிவிட்டார்: "டீச்சர், முன் சக்கரத்தைப் பாக்காதீங்க. முன்னால போறவர் இடுப்பப் பாருங்க. இடுப்பு அசைஞ்சா வண்டி அசையப் போவுதுன்னு அர்த்தம்."

இன்று கற்றதை வரிசையாக எழுதி வைக்கவே முடியாது, உடம்பு கற்றுக்கொண்டது. முன்னவர் பின்சக்கரத்துக்கும் என் முன்சக்கரத்துக்கும் ஒரு முழம் இடைவெளி. முதலில் பயத்தில் இரண்டு மூன்று மீட்டர் விட்டேன். விட்ட இடத்தில் காற்று வந்து நெஞ்சில் அறைந்தது. மெல்ல நெருங்கினேன். ஒரு இடத்தில் சட்டென்று சத்தம் அடங்கி, பெடல் இலேசானது. அந்த இடத்திலேயே நிற்கக் கற்றுக்கொள்வதுதான் பாதி வித்தை.

மீதிப் பாதி, சக்கரங்கள் உரசாமல் பார்த்துக்கொள்வது. என் முன்சக்கரம் ஒருவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போய்விடக் கூடாது. அவர் ஒரு குழிக்காக அரை அடி விலகினாலும் சக்கரம் சக்கரத்தில் உரசும். விழுவது முன்னால் போகிறவர் இல்லை, பின்னால் வருகிறவர். ஆகவே முன்னால் ஓட்டுகிறவர் "பள்ளம்!" என்று கத்திக் கையைக் கீழே காட்டுகிறார். அந்தக் குரல் வரிசையில் பின்னால் வரைக்கும் போகிறது. தனக்குப் பின்னால் வருகிறவரின் எலும்புக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு.

பிப்ரவரி 11, செவ்வாய்
தைப்பூச விடுமுறை

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறாள். வண்டியைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டாள். "கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, மணி இல்ல. என்னத்தா வண்டி இது?" என்று கேட்டுவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்துப் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். எதற்கும் முதலில் பிரேக்கைத்தான் பார்ப்பாள்.

அம்மா சைக்கிள் கற்றது அறிவொளி இயக்கத்தில். குடுமியான்மலைப் பக்கம் கல் குவாரியில் கூலி வேலை. ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டைக் கலெக்டராக இருந்தபோது, எழுத்தறிவு வகுப்போடு சைக்கிளையும் சேர்த்தார்கள். பாடம் எடுக்கப் போகிற பெண்கள் ஊர் விட்டு ஊர் போக வேண்டுமே, பஸ்ஸை நம்பி முடியுமா? ஆரம்பித்தது அதற்காக. பிறகு அது கட்டுக்கு அடங்காமல் பரவியது. 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை ஊருக்குள் சைக்கிளில் வந்தார்கள். அம்மா அதில் இருந்தாள். பத்திரிகையாளர் சாய்நாத் இந்தக் கதையை எழுதியதால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரியும். ஆனால் அம்மா சொல்லும் விவரங்கள் வேறு.

லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை, எல்லோரும் ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் கற்றார்கள். அதுவே நல்லதாகவும் போயிற்று என்கிறாள். பாரில் துண்டைச் சுற்றிப் பிள்ளையை உட்கார வைக்கலாம். அப்படி உட்கார்ந்த பிள்ளை நான். "தள்ளி விட ஆளு இல்லேன்னா பாறையில காலை வச்சு ஏறிக்குவோம். எறங்கறதுக்கும் பாறை வேணும். பாறை வர்ற வரைக்கும் மிதிக்க வேண்டியதுதான்." இதைச் சொல்லும்போது அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். வாடகை சைக்கிளுக்குக் கூலியில் கழித்து, இருட்டுகிற நேரத்தில் கண்மாய்க் கரையில் கற்றுக்கொண்ட பெண்கள் அவர்கள். பேசினவர்கள் என்னென்னவோ பேசினார்கள். மிதித்தவர்கள் தண்ணீருக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் யாரையும் கேட்காமல் போய் வந்தார்கள்.

இந்த மாவட்டத்தில் பெண்களுக்கு ஒரு ரேஸ் நடக்கிறது என்றால், அது வானத்திலிருந்து இறங்கவில்லை. சாலையில் முதலில் இறங்கியவர்கள் இவர்கள். பரிசுப் பட்டியல் போட்டவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 15, சனி

செய்முறைத் தேர்வு வேலைக்கு நடுவே, லேப் காலியாக இருந்த அரை மணி நேரம் பிளஸ் ஒன் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ரேஸ் விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. நல்லதுதான், இயற்பியலை இதைவிட வசதியாக நடத்த முடியாது.

கரும்பலகையில் எழுதினேன். காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். அதை வெல்லத் தேவையான திறன் மும்மடிக்கு ஏற்ப ஏறும். வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு திறன். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் போகிறவளின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைத் தள்ளவே போய்விடுகிறது. "அப்போ காத்தை வேற யாராச்சும் தள்ளினா, டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். அதுதான் கேள்வி.

2018இல் பெர்ட் பிளாக்கன் என்ற ஆய்வாளரின் குழு 121 பேர் கொண்ட சைக்கிள் கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்துச் சோதித்தது. கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் நன்றாகப் பதுங்கியிருப்பவருக்கு, தனியாகப் போகிறவர் படுகிற எதிர்ப்பில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான். பிள்ளைகள் நம்பவில்லை. நானும் முதலில் படித்தபோது நம்பவில்லை.

அதற்கு நேர் எதிரான கதையையும் சொன்னேன். அன்னா கீசன்ஹோஃபர், ஆஸ்திரியாக்காரர், கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். எந்தத் தொழில்முறை அணியின் ஒப்பந்தமும் இல்லை. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில், 137 கிலோமீட்டர் ரேஸ் தொடங்கிய இடத்திலேயே ஒரு சிறு குழுவோடு முன்னால் பாய்ந்தார். கடைசி நாற்பது கிலோமீட்டர் தனியாகவே காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து தங்கம் வாங்கினார். ஒலிம்பிக் ரோடு ரேஸில் காதில் ரேடியோ கிடையாது. பின்னால் வந்த நெதர்லாந்தின் ஆன்னமீக் வான் ஃப்ளோய்டன் தான்தான் முதல் என்று எண்ணிக் கைகளை உயர்த்தினார். முன்னால் ஒருத்தி போயிருப்பது அவருக்குத் தெரியவில்லை.

ஆண்களுக்கு ஒலிம்பிக் ரோடு ரேஸ் 1896இல் வந்தது, பெண்களுக்கு 1984இல். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. பாடத்தை விட்டு வெளியே போய்விட்டேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

மாலையில் மீமிசல் வரை ஓட்டிப் பார்த்தேன். கடைமடை அறுப்பு முடிகிற காலம். பல இடங்களில் சாலையின் ஒரு பாதியில் நெல் காய்கிறது. நெல் மீது சக்கரம் போனால் வழுக்கிவிடும், உண்மைதான். அதற்காக அவர்களை விரட்ட வேண்டும் என்று ஒரு போட்டியாளர் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. களம் இல்லாதவர் எங்கே காய வைப்பார்? போட்டி நடத்துகிறவர்கள் ஊர் ஊராகப் போய், ஞாயிறு காலை ஒன்பது மணி வரைக்கும் மட்டும் இடது பக்கத்தை விட்டுத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கேட்டதும் சரி என்றுவிட்டார்களாம். இது சரியான வழி.

கீழ்க்காற்றான கொண்டல் பலமாக அடிக்கிறது.

பிப்ரவரி 22, சனி

வண்டிச் சோதனை மணமேல்குடியில். ஹேண்டில்பாரின் இரு முனையிலும் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். விழுந்தால் திறந்த குழாய் தொடையில் குத்தும். பிரேக், ஹெல்மெட் எல்லாம் சரி. எண் வாங்கினேன், 27.

இரவு எண்ணைச் சட்டையில் குத்த அம்மா உதவினாள். நான்கு ஊக்கு. மூலைத் துளையில் மட்டும் மாட்டினால் காற்றில் படபடக்கும். துணியையும் தாளையும் சேர்த்து உள்ளே போய் வெளியே வந்து மறுபடி உள்ளே போகும்படி குத்த வேண்டும். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு குனிந்து நின்றேன். குனிந்து ஓட்டும்போது முதுகு எப்படி இருக்குமோ அப்படி இழுத்துக் குத்தினால்தான் சுருங்காது. நான்கு பக்கமும் விரலால் நீவிப் பார்த்தாள்.

இரண்டு பாட்டில் தண்ணீர், ஒன்றில் ஓ.ஆர்.எஸ். சட்டைப் பையில் கடலைமிட்டாய் இரண்டு, பேரீச்சை ஐந்தாறு. ஒன்பதரைக்குப் படுக்கை.

பிப்ரவரி 23, ஞாயிறு

உடம்பு அசதி. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

பெண்கள் முப்பது பேருக்குள்தான். விளையாட்டு விடுதிப் பெண்கள் ஐந்து பேர் ஒரே சீருடையில் வந்திருந்தார்கள், எல்லோரும் இருபது வயதுக்குள். காரைக்குடி கல்லூரிப் பெண்கள் சிலர். ராமநாதபுரத்திலிருந்து ஒரு பெண் போலீஸ். என் வயதில் என்னைத் தவிர இன்னொருவர், தேவகோட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறார். "அக்கா, காத்து எந்தப் பக்கம்?" என்று எல்லோரும் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தோம். கடற்கரைப் பனைகளின் மட்டை பதில் சொல்லிக்கொண்டிருந்தது. கொண்டல், கொஞ்சம் வாடை கலந்தது. போகும்போது இடது பின்பக்கம், வரும்போது வலது முன்பக்கம்.

போகிற முப்பது கிலோமீட்டரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. காற்று முதுகில். முதல் இரண்டு கிலோமீட்டர் பைலட் ஜீப்புக்குப் பின்னால் மெதுவாக. ஜீப் விலகியதும் வேகம் 38, 40. கோட்டைப்பட்டினத்தில் கருவாட்டு வாடை, சாலையோரத்தில் லுங்கியோடு நின்றவர்களின் விசில், அவ்வளவுதான் நினைவு. நான் நடுவில் இருந்தேன். "பள்ளம்", "ஆடு", "நெல்லு" என்று குரல்கள் பின்னால் ஓடின. முன்பின் பார்த்திராத பெண்களின் குரலை நம்பி, கண்ணுக்குத் தெரியாத குழியைச் சுற்றி வளைந்தேன். அப்படி நம்புவது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

திரும்புகிற இடத்தில் மஞ்சள் கூம்புகள் வைத்திருந்தார்கள். வேகம் குறைய வேண்டிய இடம். உள்பக்கமாக நுழையப் பார்த்த ஒரு கல்லூரிப் பெண்ணின் முன்சக்கரம் முன்னவளின் பின்சக்கரத்தில் பட்டது. எனக்கு இரண்டு ஆள் முன்னால். ஒரு சடசடப்பு, "அம்மா" என்ற ஒரே சொல். நான் வெளிப்பக்கமாக ஒதுங்கிக் கடந்தேன். அங்கே ஆம்புலன்ஸும் ஆட்களும் இருந்தார்கள். நின்றால் பின்னால் வருகிறவர்கள் என் மேல் ஏறுவார்கள். கடந்தேன். அவள் எழுந்து உட்கார்ந்ததைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

அதற்குப் பிறகுதான் ரேஸ். திரும்பியதும் காற்று முகத்தில். 38 இருந்த இடத்தில் 27. எல்லோரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளியப் பார்த்தார்கள். முன்னால் போக யாருக்கும் மனமில்லை. மீமிசலுக்கு முன்னால் இறால் பண்ணைகள் வருகிற இடத்தில் சாலைக்கு இருபுறமும் மரம் கிடையாது, ஒரு மறைவும் இல்லை. விடுதிப் பெண்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் முன்னால் வந்தார்கள். ஒருத்தி சாலையின் நடுக்கோட்டை ஒட்டி வலப்பக்கம் போனாள். அடுத்தவள் அவளுக்கு நேர் பின்னால் போகாமல், இடது பின்பக்கம் சற்று விலகி. மூன்றாமவள் அவளுக்கும் இடதுபக்கம். காற்று வலது முன்னாலிருந்து வருகிறபோது அதன் மறைவு இடது பின்னால்தான் விழும். பறவைக் கூட்டம் சரிந்து பறப்பதைப்போல் சாலையின் பாதி அகலத்துக்கு ஒரு சாய்வு வரிசை. வலது பாதியில் வண்டிகள் எதிரே வருகின்றன, அங்கே போகக் கூடாது. ஆகவே அந்த மறைவில் எட்டு ஒன்பது பேருக்குத்தான் இடம். அடுத்தவர் தார் முடிகிற ஓரத்தில், நேர் வரிசையில், முழுக் காற்றில்.

நான் அந்த ஓரத்தில் இருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். சக்கரம் போகிற தடத்தை ஒட்டி இடப்பக்கம் சரளை, அதற்கு அப்பால் கருவேல முள். முன்னவளின் கெண்டைக்காலில் வியர்வை காய்ந்து வெள்ளைக் கோடாக உப்பு. அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். தொடை எரிந்தது. இதயத்துடிப்பு காதில் கேட்டது. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேரில் முதல் ஆள் ஒரு சைக்கிள் நீளம் விட்டாள், பிறகு இரண்டு. அந்த இடைவெளியைத் தாண்டி ஓட்ட நான் வெளியே வந்தேன். முழுக் காற்று. முப்பதை எட்டினேன், அவர்கள் முப்பத்து மூன்றில் போனார்கள். மும்மடி விதியைக் கரும்பலகையில் எழுதுவது வேறு, காலால் எழுதுவது வேறு. ஒன்பது பேர் போய்விட்டார்கள்.

போலீஸ் பெண் பின்னாலிருந்து வந்து, "அக்கா, விடுங்க. நாம அஞ்சு பேரு இருக்கோம். சுத்தி ஓட்டுவோம்" என்றாள். துணிக்கடைக்காரர், இரண்டு காரைக்குடிப் பெண்கள், அவள், நான். முன்னால் அரை நிமிஷம், பிறகு முழங்கையை ஆட்டிவிட்டு விலகிக் கடைசிக்குப் போவது. அடுத்தவர் அரை நிமிஷம். யாரும் கணக்குப் பார்த்து ஏமாற்றவில்லை. துணிக்கடைக்காரரால் முடியாதபோது, "நீங்க ரெண்டு சுத்து பின்னாலயே இருங்க" என்று விட்டுத்தந்தோம். மூன்றாவது சுற்றில் அவராகவே முன்னால் வந்தார். என் கடலைமிட்டாயை ஒரு காரைக்குடிப் பெண்ணுக்கு எட்டிக் கொடுத்தேன். கடைசி முந்நூறு மீட்டரில் நாங்கள் எதிரிகள் என்று ஐந்து பேருக்கும் தெரியும். அதுவரை ஒருவர் இல்லாமல் ஒருவருக்கு வீடு இல்லை. இந்தப் போட்டியின் அழகு முழுவதும் எனக்கு இதில் இருக்கிறது. தனி ஓட்டத்தில் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போனாலும் இது கிடைக்காது.

மணமேல்குடி தெரிந்ததும் பேச்சு நின்றது. போலீஸ் பெண் முந்நூறு மீட்டரிலேயே பாய்ந்தாள். நான் அவள் சக்கரத்தைப் பிடித்தேன். நூறு மீட்டர் இருக்கையில் வலப்பக்கம் வெளியே வந்து, இருந்ததை எல்லாம் போட்டு மிதித்தேன். அவள் ஒரு சக்கர அளவில் முன்னால். நான் பதினொன்றாவது.

கோட்டைத் தாண்டி ஐந்து பேரும் சைக்கிள் மீது கவிழ்ந்து நின்றோம். பிறகு ஒருவரை ஒருவர் தோளைத் தட்டிக்கொண்டோம். முதல் மூன்று இடமும் விடுதிப் பெண்களுக்கு. அந்தச் சாய்வு வரிசையைப் போட்டு, தன் தோழிகளுக்காக நெடுநேரம் காற்றைத் தாங்கியவள் ஏழாவதாக வந்தாள். அவளுக்குப் பரிசு கிடையாது. ஜெயித்தவள் மேடையிலிருந்து நேராக இறங்கி வந்து மாலையை அவள் கழுத்தில் போட்டாள்.

அம்மா எலுமிச்சை ஜூஸ் வாங்கி வைத்திருந்தாள். "அந்தப் போலீஸ்காரப் புள்ள நல்லா மிதிச்சா" என்றாள்.

பிப்ரவரி 24, திங்கள்

படி இறங்கத் தொடை ஒத்துழைக்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்தே பாடம்.

விழுந்த பெண்ணிடம் போனில் பேசினேன். தோள் எலும்பில் முறிவு இல்லை, முழங்கையில் தோல் முழுக்கப் போயிருக்கிறது. அடுத்த ரேஸ் எப்போது என்று அவளே கேட்டாள்.

மார்ச் 1, சனி

நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதி நேரில் கொடுத்தேன். பாராட்டி எழுதவும் இருந்தது. ஊர்க்காரர்களிடம் பேசிச் சாலையை வாங்கியது, ஒவ்வொரு குறுக்குச் சாலையிலும் தன்னார்வலர் நிறுத்தியது, திரும்பும் இடத்தில் ஆம்புலன்ஸ் வைத்தது. பிறகு பரிசு விஷயம். அண்ணா பிறந்தநாளையொட்டி அரசு நடத்தும் மிதிவண்டிப் போட்டியில் மாணவனுக்கும் மாணவிக்கும் ஒரே தொகைதான். முதல் பரிசு 5,000, அடுத்து 3,000, பிறகு 2,000. அரசு செய்கிறதைப் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி நடந்த மண்ணில், நாமும் செய்ய முடியும் என்று எழுதினேன். அடுத்த ஆண்டுக்குப் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். விடமாட்டேன்.

அந்த அரசுப் போட்டியில் தூரத்தைப் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பதினேழு வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 20 கிலோமீட்டர், பெண்களுக்கு 15. கியர் வண்டி கூடாது, சாதாரண கைப்பிடி வண்டிதான் என்கிற விதி நல்ல விதி. பணக்கார வீட்டுப் பிள்ளைக்குத் தனிச் சலுகை இல்லாமல் போகிறது. அந்த ஐந்து கிலோமீட்டர்தான் எதற்கென்று புரியவில்லை.

பிளஸ் ஒன் வகுப்பில் ஏழு பேர் செப்டம்பரில் வரும் அந்த அரசுப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரிடமும் அரசு கொடுத்த சைக்கிள். இன்று மாலை பள்ளி மைதானத்தில் முதலில் பிரேக் கட்டைகளைச் சரி பார்த்தோம். இரண்டு வண்டியில் மாற்ற வேண்டும். பிறகு ஒரு முழம் இடைவெளியில் வரிசையாக ஓட்டப் பழக்கினேன். முன்னால் போகிறவள் கையைக் கீழே காட்டி "பள்ளம்" என்று கத்த வேண்டும். முதலில் வெட்கப்பட்டார்கள். நான்காவது சுற்றில், பள்ளமே இல்லாத இடத்திலும் கத்தினார்கள். அடுத்த சனிக்கிழமை நாகுடி ரோடு. தலைமையாசிரியரிடம் அனுமதிக் கடிதமும் பெற்றோரிடம் கையெழுத்தும் திங்கட்கிழமை வாங்க வேண்டும்.